நாற்பத்தேழு துண்டிப்புகள்

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் அம்மா, எனக்கு எதிர்க்காற்று ஒத்துக்கொள்ளாது. அந்தத் தூக்குவாளியை என் மடியில் வைத்துக்கொள்கிறேன், கொடுங்கள். பரவாயில்லை, சிந்தினால் சிந்தட்டும். வெம்பக்கோட்டை வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். உங்களுக்கு முன்னால் இறங்க மாட்டேன்.

நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அச்சடித்ததை வாசிப்பதுபோல் இருக்கிறதாம். இருபத்திரண்டு வருடமாகச் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ப்ரூஃப் பார்க்கிறேன். நாள் முழுவதும் எழுத்துப் பிழையே தேடினால் வாயும் அப்படித்தான் ஆகும். என் பெயர் சண்முகவடிவு. கணிதம் படித்தவள். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி என்னைச் சண்முகம் என்பார், ஆண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல்.

உங்களுக்குத் தெரியாததா, ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்குச் சீசன். ஆந்திரா, கேரளா, கர்நாடகா எல்லாப் பக்கத்து ஏஜென்ட்டுகளும் போனில்தான் ஆர்டர் சொல்வார்கள். சாமி படத்துக்குக் கீழே என்ன அடிக்க வேண்டும், கடைப் பெயர் என்ன, தெரு என்ன, நம்பர் என்ன என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பேன். ஒரு எழுத்து தவறினால் அந்தத் தவறு ஆயிரம் சுவரில் ஒரு வருடம் தொங்கும். என் கையில் இதுவரை தொங்கியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

போன ஆடியில் அண்ணாச்சி போனையெல்லாம் மாற்றினார். கேபிள் டிவிக்காரர் அல்போன்ஸ் கொடுக்கிற இன்டர்நெட்டிலேயே போனும் பேசிவிடலாம் என்று ஏற்பாடு. ஒரே நம்பர், நாலு மேசை. பேசுவது அத்தனையும் பதிவாகிவிடும். பின்னால் ஏஜென்ட் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றால் போட்டுக் காட்டலாம். செல்போனில் பேசக்கூடாதா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? இரண்டு பக்கமும் குடோன், மேலே தகரம். எங்கள் ஆபீசில் சிக்னல் ஒரு கோடு வரும், அதுவும் மனது வைத்தால்.

என் மேசை ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு வெளியே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தாயின் வீடு. தனியாக இருக்கிற அம்மாள், காது கொஞ்சம் மந்தம், ஆகவே டிவி அலறும். குண்டூர்க்காரர் ஒருநாள், ‘உங்கள் ஆபீசில் ஏதும் சண்டையா மேடம், யாரோ பெண் அழுகிறாரே’ என்று கேட்டுவிட்டார். சீரியல்! நான் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய், தன்மையாகத்தான் சொன்னேன்.

‘‘இதுக்கு எதுக்கு மதினி இம்புட்டு தூரம் நடந்து வந்தீக?’’ என்றாள் பாக்கியத்தாய். ‘‘பெரிய போனு வந்தா ஜன்னல்ல கையைக் காட்டுங்க. பொட்டுனு அணைச்சிர்றேன். பேசி முடிச்சதும் போட்டுக்கிறேன். சீரியல் எங்க போயிரப் போகுது? ஒரு கல்யாணத்தை ஆறு மாசமா நடத்துறாக.’’

அவ்வளவு நல்ல மனது. நானும் சும்மா சும்மா கை காட்ட மாட்டேன். பெரிய ஆர்டர், தெளிவில்லாத குரல், முக்கியமான ப்ரூஃப், இவற்றுக்கு மட்டும். அக்கம்பக்கத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்று ஆபீஸ் பெண்களிடம் இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆவணி ஐந்தாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு முதல் துண்டிப்பு. குண்டூர்க்காரர் கடையின் கதவு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி எண்ணில் நின்றது. இன்டர்நெட் பெட்டியில் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்து ஒரு சிவப்பு மட்டும் எரிந்தது. நாலு நிமிடம் கழித்துத் தானாகவே வந்துவிட்டது. மறுநாளும் அப்படி. அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை.

நான் பதறுகிறவள் இல்லை. நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், யார் அழைத்தது, எத்தனையாவது நிமிடத்தில் அறுந்தது, எந்த விளக்கு எரிந்தது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது, மழை உண்டா, மின்சாரம் உண்டா. எட்டுக் கட்டம், அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு. அப்படி ஒரு நோட்டை அல்போன்சின் ஆட்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரிபார்க்க வந்தவர் குருவையா.

ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ...சரி. சொல்லி முடித்துவிடுகிறேன்.

நாற்பது வயதிருக்கும். டிவிஎஸ் வண்டியில் ஏணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வருவார். வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். ‘‘யக்கா, எனக்கு இங்கயே ஒரு பாய் போட்டுருங்க. வீட்டுக்குப் போய் வர்ற பெட்ரோல் மிச்சம்.’’ ஆபீஸ் பெண்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த நேரத்தில் நெல்லூர்க்காரர் வேறு கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

பதினொரு முறை வந்தார். நோட்டில் இருக்கிறது. ஒயரின் நுனியை வெட்டிப் புதுப் பின் போட்டார். ஒயர் பிரிகிற இடத்தில் இருந்த பித்தளைத் துண்டை மாற்றினார். பெட்டியை மாற்றினார். கம்பத்திலிருந்து ஜன்னல்வரை ஒயரையே புதிதாக இழுத்தார், வெயிலில், தகரத்தின்மேல் மண்டியிட்டு. எல்லாம் முடித்துத் தன் செல்போனிலிருந்து எங்கள் நம்பருக்கு அடித்து, தெருவில் நின்றுகொண்டு, ‘‘ஹலோ, குண்டூர் குருவையா பேசுறேன், பத்தாயிரம் காலண்டர் வேணும், எல்லாத்துலயும் என் மூஞ்சியைப் போடுங்க’’ என்பார். கால் மணி நேரம் பேசுவார். அறுந்துபோகாது. அவர் போன் ஒருபோதும் அறுந்துபோகாது. ஏணியைக் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவார், விஜயவாடா வரும், அறுந்துவிடும். இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை, வேடிக்கை மட்டும் தெரிகிறது என்று நான் நினைத்தேன். வேறு யார்தான் என்ன நினைப்பார்கள்?

எங்கள் லைனுக்குச் சக்தி கொடுக்கிற பெட்டி பாக்கியத்தாய் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் அப்படித்தான் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டி, மின்சாரத்தையும் அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்கு டிவி இலவசம். குருவையா அங்கேயும் போய்க் கேட்டார். எனக்கு இங்கே கேட்டது.

‘‘ஆத்தா, பெட்டி சுவிட்ச்சுல எதுவும் கை வச்சீகளா?’’

‘‘எனக்கென்ன கிறுக்கா? அந்தப் பெட்டி புண்ணியத்துலதான் எனக்கு டிவியே ஓடுது. அது மேல பல்லி ஏறுனாக் கூட விரட்டி விடுறேன்.’’

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஒன்பதாவது முறை வந்தபோது நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ‘‘யக்கா, எல்லாம் எழுதியிருக்கீக. கட்டாகுற நேரம் நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீகன்னு ஒரு கட்டம் போட்டா நல்லாருக்கும்.’’

‘‘போன் பேசிக்கொண்டிருந்தேன், குருவையா.’’

‘‘அது சரி. ஃபேனைப் போட்டீகளா, பிரிண்டரு ஓடுச்சா, எந்திரிச்சீகளா, உக்காந்தீகளா... சின்னதுலதான் இருக்கும். இல்லன்னா ஒரு நா காலையில இருந்து இங்கன ஓரமா உக்காந்து பாக்கட்டுமா? வாயே திறக்க மாட்டேன்.’’

‘‘மேசை முழுக்க வெளிவராத டிசைன் கிடக்கிறது. வெளியாளை உட்காரவைக்க முடியாது. உங்கள் தப்பை என் மேசையில் தேடாதீர்கள்.’’

நாலு பெண்களுக்கு முன்னால் சொன்னேன். அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். ‘‘சரிக்கா’’ என்றார். அன்றைக்குப் பிறகு பாய் போடச் சொல்லவில்லை.

புரட்டாசியில் விஜயவாடா ரங்கநாயகலு பேசினார். நாற்பதாயிரம் காலண்டர், எட்டுக் கடைகள், எட்டு விலாசம். மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அறுந்தது. மூன்றாவது முறை நான்தான் இன்னும் அழுத்தமாக... சரி, அது பிறகு வரும். நாலாவது முறை அவர் அழைக்கவில்லை. நாங்கள் அழைத்தபோது, வேறு இடத்தில் கொடுத்துவிட்டேன் அம்மா, கோபிக்காதீர்கள் என்றார்.

அண்ணாச்சி கத்துகிற மனிதர் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ‘‘தப்பு யாரு மேல, சண்முகம்?’’ என்று மட்டும் கேட்டார். நான் நோட்டைத் தள்ளினேன். ‘‘இதை அப்படியே லெட்டரா எழுதி அல்போன்சுக்குக் குடுத்துரு’’ என்றார்.

மூன்று பக்கம் எழுதினேன். இணைப்பாக அட்டவணை. அதில் ஒரு வாக்கியம்: ‘நாற்பத்தேழு துண்டிப்புகளில் ஒன்றையேனும் தடுக்க இயலாத ஒருவரை இப்பணியில் தொடர்ந்து வைத்திருப்பதன் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை.’ நன்றாக எழுதப்பட்ட வாக்கியம். இரண்டு தடவை திருத்தினேன். அல்போன்ஸ் அதைத் தன் ஆட்கள் ஆறு பேரையும் நிற்கவைத்து வாசித்துக் காட்டினாராம். அன்று மாலையே குருவையா ஏணியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? விளங்கவில்லை என்றுதான் எழுதினேன்.

புது ஆள் வந்தார். துண்டிப்பும் வந்தது. அவருக்கும் நாலு தடவை. பிறகு தீபாவளிக்குப் பாக்கியத்தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு சாத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனாள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் ஒரு துண்டிப்பு இல்லை. புது ஆள் கெட்டிக்காரர் என்று அண்ணாச்சி சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

பத்தாம் நாள் ஒரு டப்பா அதிரசத்தோடு திரும்பி வந்தாள். அன்று பதினொன்றரைக்குக் கொல்லத்திலிருந்து பெரிய ஆர்டர். நான் ஜன்னலில் கையைக் காட்டினேன். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். எப்போதும் நான் கையைக் காட்டிவிட்டு நோட்டுப் பக்கம் திரும்பிவிடுவேன். அன்று அதிரச டப்பா நோட்டின் மேல் இருந்தது, திரும்பவில்லை. ஆகவே பார்த்தேன். அவள் கை சுவிட்சில். அவளுடைய டிவி அணைந்தது. சுவரில் இருந்த பெட்டியின் சின்ன விளக்கு அணைந்தது. என் காதில் கொல்லம் அணைந்தது.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, பேசுங்கள் பேசுங்கள் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு மெதுவாக விசாரித்தேன். ஆடி மாதம் பெட்டியின் பிளக் புகைந்ததாம். மருமகன் வந்தபோது டிவியையும் பெட்டியையும் ஒரே சுவிட்சில் சேர்த்துவிட்டுப் போனாராம். அவளைப் பொறுத்தவரை அது டிவி சுவிட்ச். பெட்டி சுவிட்ச் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? விஜயவாடாவின் மூன்றாவது அழைப்புக்கு நான்தான் இன்னும் அழுத்தமாகக் கை காட்டியிருந்தேன்.

ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வருவது எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் ஒரு கூரியர்காரர் போனுக்குக் கை காட்டிப் பார்த்தேன். அறுந்தது. அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொன்று. அறுந்தது. மூன்று நாள், மூன்று சோதனை. நான்காம் நாள் அவளிடம், இனி அணைக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் குறைத்தால் போதும் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் மனம் வருந்துவாள் அல்லவா? அவளுக்காகத்தான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து லைன் கம்பி மாதிரி நிற்கிறது. பொங்கலுக்கு அண்ணாச்சி புது ஆளுக்கு வேட்டி கொடுத்தார். ‘‘எல்லாம் சண்முகத்தோட நோட்டு செஞ்ச வேலை’’ என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சீசன் முடியட்டும் என்று நினைத்தேன். சீசன் முடிந்தது. பொங்கல் போகட்டும் என்று நினைத்தேன். குருவையாவுக்கு வேறு தெருவில், வேறு கேபிளில் வேலை கிடைத்திருக்கும், கை நிறையத் தொழில் தெரிந்தவர்தானே என்று நினைத்தேன். பாருங்கள், அவர் தொழில் தெரிந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தை கடைசியில் பாக்கியத்தாய்தான், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். ‘‘அந்த ஏணிக்காரத் தம்பி பட்டாசு ஆபீஸ்ல வெடிமருந்து கலக்குற ரூமுக்குப் போறாராம், மதினி. யாத்தே, அவுக அண்ணன் அந்த ரூமுலதான கருகிப் போனாரு. மருந்துப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லித்தான ஏணியைத் தூக்குனாரு அந்த மனுசன். யாரோ லெட்டரு எழுதிப் போட்டு வேலையைக் கெடுத்துட்டாகளாம். நல்லா இருப்பாகளா அவுக?’’

‘துணி தரையில் படுகிறது பாருங்கள்’ என்றேன்.

அன்றிரவு உட்கார்ந்து இதை எழுதினேன். இதோ, இந்த உறை. இதை அவர் கொண்டுபோய் அல்போன்சிடம் கொடுத்தால் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வார். விசாரித்துவிட்டேன். ஆள் போதாமல்தான் இருக்கிறாராம். அதோடு நாலு திங்கட்கிழமையாக இந்த ஏழு நாற்பது பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பட்டாசு ஆபீஸ் நிறுத்தத்தில் நீங்கள் எல்லாரும் இறங்குகிறீர்கள். நான் வெம்பக்கோட்டை வரைக்கும் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஆமாம் அம்மா. இந்த இருக்கையில் நான் தற்செயலாக உட்காரவில்லை. போன வாரம் உங்கள் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கியதைப் பார்த்தேன். குருவையாவின் பெயரைச் சொன்னதும் நீங்கள் திரும்பினீர்களே, அப்போது உறுதியாயிற்று. உங்களோடுதானே வேலை செய்கிறார்? இன்னும் அந்த ரூமில்தானா? ...காலையில் முதல் கலவை அவர்தானா. தினமுமா. ...மருந்தைத் தொடவே தயங்குகிறாரென்று மேஸ்திரி திட்டுகிறாரா.

இதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. ஒட்டவில்லை, வேண்டுமானால் வாசித்துப் பாருங்கள். வாசியுங்கள். அவசரமில்லை.

...முடித்துவிட்டீர்களா? ஒரு பக்கம்தான்.

என்ன கேட்கிறீர்கள்? ஏன் நானே அல்போன்சிடம் கொடுக்கவில்லை என்றா? அல்போன்சிடம் கொடுத்தால் அது அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போய்விடும். அண்ணாச்சிக்குப் போனால்... இருபத்திரண்டு வருடம், அம்மா. ஒரு எழுத்துத் தவறியதில்லை என்று பெயர்.

இல்லை, உங்கள் கேள்வி புரிகிறது. இன்னொரு முறை கேட்க வேண்டாம். ‘இதுல நீங்க எங்க இருக்கீக’ என்கிறீர்கள். மூன்றாவது வரியில்... ‘மின் இணைப்பில் ஏற்பட்ட குறைபாடே துண்டிப்புகளுக்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.’ அதற்கு அடுத்து, ‘மேற்படி பணியாளர் மீது தவறில்லை எனத் தெரியவருகிறது.’

ஆமாம். அறியப்பட்டது. தெரியவருகிறது. யார் அறிந்தது, யாருக்குத் தெரிந்தது, யார் கையைக் காட்டியது. இல்லைதான். கீழே கையெழுத்து? கம்பெனி முத்திரை வைத்தேன். என் பெயரை... போடவில்லை. நாலு தடவை சரிபார்த்தேன் அம்மா இதை. ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

கோபமாகப் பார்க்காதீர்கள். இல்லை, பாருங்கள்.

எட்டு மணிவரை ஆபீஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்பாரா? மணி அடித்தால் உள்ளே போய்விடுவாரா? எவ்வளவு நேரம் இருக்கிறது? ...ஏழு நிமிடம்.

நான் போய் என்ன சொல்வது? அட்டவணை கொண்டு வரவில்லையே. சும்மா போய், நான்தான் என்று... வெறுமனே அப்படியா. அவர் ஏதாவது சொன்னால்? வெறும் ‘சரிக்கா’ என்று உள்ளே போய்விட்டால்?

பேனா இருக்கிறது. இருங்கள், இந்த ‘அறியப்பட்டது’ என்பதை அடித்துவிடுகிறேன். பஸ் குலுங்குகிறது, கோணலாகத்தான் வருகிறது. வரட்டும். ‘நான் அறிந்தேன். நான்தான் கையைக் காட்டினேன். ஐப்பசியிலேயே எனக்குத் தெரியும். நான்கு மாதம் சொல்லவில்லை. சண்முகவடிவு.’ இப்படியே இன்றைக்கு மத்தியானம் அல்போன்சிடமும் அண்ணாச்சியிடமும் நானே கொடுக்கிறேன். அவரிடம் முதலில் வாயால் சொல்கிறேன். இந்தாருங்கள் உங்கள் வாளி. நீங்கள் கொஞ்சம் முன்னால் நடங்கள். ஆளைக் காட்டினால் போதும், பக்கத்தில் நிற்க வேண்டாம்.

கண்டக்டர் தம்பி, விசில் ஊதிவிடாதீர்கள். டிக்கெட் வெம்பக்கோட்டைக்குத்தான், தெரியும். இங்கேயே இறங்க வேண்டும்.

இந்த அம்மா மட்டும் இல்லை. நானும்தான்.